ஸ்கெலட்டன் வளைவில் அறுபது மீட்டர்

பள்ளி திறப்பதற்குப் பத்து நாள் முன்னால் பஸ் ஓட்டும் எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரு பக்கம் கன்னடம், மறுபக்கம் இங்கிலீஷ். பிள்ளைகளை ஏற்றும்போதும் இறக்கும்போதும் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருந்தது. நிறுத்தும் முன்பே நான்கு மூலை விளக்கும் எரிய வேண்டும். ஆயா முதலில் இறங்க வேண்டும். சாலையைக் கடக்கும் பிள்ளை பஸ்ஸுக்கு முன்னால்தான் கடக்க வேண்டும். பிள்ளை உட்கார்ந்த பிறகே வண்டி நகர வேண்டும். எல்லாம் தெரிந்ததுதான். பாதியைச் செய்துகொண்டும் இருந்தோம்.

ஏழாவது விதிதான் புதிது. நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளை, அறுபது மீட்டருக்கு முன்பே ஓட்டுநரின் கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும். நின்றிருக்கும் பஸ்ஸும் பின்னால் வரும் வண்டிக்கு அதே தூரத்தில் தெரிய வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்தையும் ஓட்டுநரே அளந்து, எத்தனை மீட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

போன வருஷம் வேறு எங்கோ ஓர் ஊரில் வளைவில் நின்ற பள்ளி பஸ்ஸில் லாரி மோதியது. அந்த வீடியோ எங்கள் ஊர்ப் பெற்றோர் எல்லோர் போனுக்கும் வந்திருந்தது. அதனால்தான் இந்தத் தாள். பள்ளியில் போக்குவரத்தைப் பார்க்கும் மனோகர் சார் மறைக்காமல் சொன்னார். நாளைக்கு ஏதாவது ஆனால் எடுத்துக் காட்டப் போவது இந்தத் தாளைத்தான், அதில் இருக்கப் போவது உங்கள் பெயர்தான் என்றார்.

நான் இந்த வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஆறு வருஷம் பெங்களூரில் ராத்திரி ஷிஃப்ட் கேப் ஓட்டினேன். அந்த வேலையில் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. பின் சீட்டில் உட்காருபவர் ஏறியதும் தூங்கிவிடுவார். இங்கே பார்ப்பதுதான் வேலை என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது.

என் ரூட்டில் பதினெட்டு நிறுத்தம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் பஸ் ஆயா ஐடாக்காவும் டேப் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அவள் சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தாள். துடைப்பக் கட்டையில் ஒரு பிள்ளையின் உயரத்துக்குச் சிவப்புத் துணி கட்டி, நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் பின்னால் போய், ஓட்டுநர் சீட்டு உயரத்துக்கு ஏதாவது திண்டில் ஏறி, துணி தெரிகிறதா என்று பார்ப்பேன். டேப்பைக் கண்டதும், மூடிப்போன தங்கச் சுரங்கத்துக் கம்பெனி கட்டிய லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். வீட்டுக்குப் பத்திரம் கொடுக்க அளக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை, பஸ்ஸுக்கு என்றால் நம்பவில்லை. ஒரு கிழவர் தன் வாசலையும் சேர்த்து அளக்கச் சொல்லிக் கூடவே வந்தார்.

“இன்னா தாத்தா, உன் வாசலுக்கா பஸ் வரப்போவுது?” என்றாள் ஐடாக்கா. “அளந்தா போதும்மா, யாரு அளந்தா இன்னா” என்றார் அவர். அளந்து சொன்னோம். போனார்.

பதினேழு நிறுத்தம் தேறியது. பன்னிரண்டாவது தேறவில்லை.

அது ஸ்கெலட்டன் என்ற லைனில் சாலை இடது பக்கம் வளையும் இடம். வளைவின் உள்பக்கத்தில் சின்னசாமியின் வீடு. என் அப்பாவோடு சுரங்கத்தில் வேலை செய்தவர், எனக்குப் பெரியப்பா முறை. லைன் வீடு என்றால் ஓர் அறை, ஓர் அடுப்படி, பின்சுவருக்கு அந்தப் பக்கம் வேறு ஒருவரின் வீடு. கக்கூஸ் எல்லோருக்கும் பொதுவாகத் தெருக்கோடியில் இருக்கும். எல்லோரையும் போல அவர் வீட்டிலும் முன்பக்கம், சாலை ஓரமாக, இரும்புக் கம்பி நட்டு தகரம் அடித்து சொந்தமாக ஒன்று கட்டியிருந்தார்கள். உட்காரும் வெஸ்டர்ன் கக்கூஸ். அவர் நுரையீரலில் மைன் தூசு. பத்து அடி நடந்தால் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார். தெருக்கோடி வரை போக அவரால் முடியாது.

அந்தத் தகரத்தை ஒட்டித்தான் அவர் பேத்தி பவ்யா பஸ்ஸுக்கு நிற்பாள். இரண்டாம் வகுப்பு.

நான் மூன்று தடவை அளந்தேன். சிவப்புத் துணி பத்தொன்பது மீட்டரில்தான் தெரிந்தது. அதற்குமுன் தெரிவது தகரம் மட்டும்.

ஐடாக்கா டேப்பைச் சுற்றிக்கொண்டே, அறுபது என்று எழுதிவிடு, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றாள். பிப்ரவரி மாதம் இதே இடத்தில் நடந்ததை அவளுக்கு நினைவூட்டினேன். பஸ் நின்றிருந்தது. பவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த மண் டிப்பர் எங்களைக் கடைசி நேரத்தில் பார்த்து ஒடித்தது. என் வலதுபக்கக் கண்ணாடி உடைந்து சாலையில் விழுந்தது. டிப்பர் இடதுபக்கம் ஒடித்திருந்தால் கண்ணாடியோடு போயிருக்காது. அன்று நாங்கள் இரண்டு பேரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கண்ணாடி மரத்தில் பட்டது என்று எழுதிக் கொடுத்தேன்.

அவள் பேனாவை எடுத்து நீட்டினாள். நான் பத்தொன்பது என்று எழுதினேன்.

அன்று இரவே பவ்யாவின் அம்மா மமதாவிடம் போய் நானே சொன்னேன். அவள் பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங். காலை ரயிலுக்குப் போக ஐந்தரைக்கே வீட்டை விட்டு இறங்க வேண்டும். அவள் புருஷன் அனில், சின்னசாமியின் மகன், என்னோடு படித்தவன், அங்கேயே காவலாளி. கம்பெனி அறையில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து சாயங்காலமே திரும்பிவிடுவான். ஏழு இருபத்தைந்துக்கு பஸ் வரும்வரை பவ்யாவோடு இருப்பது சின்னசாமி ஒருவர்தான். சாயங்காலம் நான்கு மணிக்கு வாங்கிக்கொள்வதும் அவர்தான். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

அடுத்த நிறுத்தம் தண்ணீர்த் தொட்டி. முந்நூற்று நாற்பது மீட்டர். அது தேறியிருந்தது. பவ்யா அங்கே வந்து ஏற வேண்டியிருக்கும் என்றேன்.

“யாரு இட்டுக்கினு வருவாங்க நரேஷண்ணா?” என்று கேட்டாள்.

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. அதற்கு அடுத்த வீட்டில் எல்லோரும் ரயிலுக்குப் போகிறவர்கள். ஐடாக்கா பஸ்ஸை விட்டுப் போகக் கூடாது என்பது ஒன்பதாவது விதி. யாரெல்லாம் வர முடியாது என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கட்டிலில் கிடந்த சின்னசாமி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் கண்ணாடி வைத்துப் பார்த்தோம். வளைவுகளில் வைக்கும் வட்டக் கண்ணாடி. அனில் வாங்கி அனுப்பினான். எதிர்ப்பக்கக் கம்பத்தில் நானே கட்டினேன். சைனைடு மேடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் மலைபோல் கிடக்கிறது. ஜூன் காற்றில் அது ஊருக்குள் வரும். மூன்றாம் நாள் கண்ணாடி மாவு பூசியதுபோல் வெள்ளையாக இருந்தது. துடைத்தேன். மறுநாள் மறுபடியும் வெள்ளை. மனோகர் சாரிடம் கேட்டேன். நேராகத் தெரிய வேண்டும் என்றுதான் தாளில் இருக்கிறது, கண்ணாடி செல்லாது என்றார். பன்னிரண்டாவது நிறுத்தத்தை அடித்துவிட்டார்.

பள்ளி திறந்த முதல் இரண்டு நாள் மமதா லீவு போட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தொட்டிக்கு வந்தாள். மூன்றாம் நாளும் வந்தாள், பிறகு அடுத்த ரயிலில் போனாள். இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறோம் என்று அங்கே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

நான்காம் நாள் வளைவைத் தாண்டியதும் பவ்யாவைப் பார்த்தேன். தனியாக நடந்துகொண்டிருந்தாள். சாலையின் விளிம்பில், வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எனக்கு முன்னால் போன டிப்பர் அவள் பக்கத்தில் போனபோது அவளுடைய பாவாடையும் பையும் ஒரே பக்கம் பறந்தன. அவள் நின்று கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி நடந்தாள். ஐடாக்கா படியில் எழுந்து நின்றுவிட்டாள். வண்டியை நிறுத்து என்றாள். நடு வழியில் நிறுத்தி ஏற்றக் கூடாது என்பது நான்காவது விதி. நான் விளக்குகளை எரியவிட்டு, அந்தப் பிள்ளைக்குப் பின்னால் அவள் நடக்கும் வேகத்திலேயே தொட்டிவரை ஓட்டினேன். பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். மறுநாளும் அப்படித்தான்.

என் கையெழுத்து அவளைக் காப்பாற்றவில்லை, என்னைத்தான் காப்பாற்றியது. இது எனக்குத் தெரிந்தது. பத்தொன்பதை அறுபது என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் தெரிந்தது. இரண்டும் தெரிந்துகொண்டு ஓட்டுவது நல்ல ஓட்டம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அனில் போன் செய்து வரச்சொன்னான். போனபோது வீட்டில் சத்தம். அனில் ஒரு சக்கர நாற்காலி வாங்கி வந்திருந்தான். நடுவில் ஓட்டை போட்டு, அடியில் வாளி மாட்டும் வகை. இதை அறைக்குள் வைத்துக்கொண்டால் வெளியே இருப்பதைப் பிரித்துவிடலாம். நிறுத்தம் திரும்பக் கிடைத்துவிடும் என்றான். மமதா, நானே வாளியைக் கழுவுகிறேன் மாமா, எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னசாமி அந்த நாற்காலியைப் பார்க்கவே இல்லை.

“சோறு துன்ற எடம் இது. கொயந்த படுக்கிற எடம். ஒரே ரூம்பு. இங்கியா?” என்றார். மூச்சு வாங்கியது. நாங்கள் காத்திருந்தோம். “நீ வேல முடிச்சிட்டு ராத்திரி எட்டுக்கு வர. அதுவரைக்கும் அந்த வாளிய யாரு எடுப்பா? பாப்பாவா?”

பவ்யாதான் நான்கு மணிக்கு வீட்டுக்கு வருகிறவள்.

சின்னசாமி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “நரேஷு, மொத்தமாவா மறைக்குது? எவ்ளோ ஒசரத்துக்கு மேல மறைக்குது, அத்த சொல்லு.”

நான் யோசிக்கவில்லை. அளவாக மட்டும் நினைத்துச் சொன்னேன். பஸ் சீட்டில் என் கண் தரையிலிருந்து ஏழடி. பவ்யா மூன்றே முக்கால் அடி. தகரம் இடுப்பளவு இருந்தால் மேலே பார்க்க முடியும். பின்னால் வருகிறவனுக்கும் பஸ்ஸின் விளக்கு தெரியும்.

“அப்ப இடுப்பளவு வெச்சிக்கினு மீதிய அறு” என்றார்.

அனில், “நைனா, அது ரோடு” என்றான்.

“தெரியுது.”

“நீங்க உக்காந்துகினு இருந்தா ஊரே பாக்கும்.”

“பாக்கட்டும். மைன்ல ஆறாயிரம் அடிக்குக் கீழ எவன்டா எங்களுக்குக் கதவு வெச்சான்? ஓரமா குந்துவோம். வர்றவன் தலைல மாட்ன கேப் லைட்ட செவுத்துப் பக்கம் திருப்பிக்குவான். அவ்ளோதான். எவனும் எவனையும் கேக்க மாட்டான்.” மறுபடி மூச்சு. “நானு நாலரைக்கே, மமதா கெளம்பறதுக்கு முன்னியே முடிச்சிக்கிறேன். இருட்டு. அப்புறம் சாயங்காலம் பஸ் போனப்பறம். நடுவுல தண்ணி குடிக்காத இருந்தா போச்சு.”

மமதா அடுப்படிக்குள் போய்விட்டாள். அனில் என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தான்போல. எனக்கு அந்தச் சாலையில் தனியாக நடக்கும் பவ்யாதான் நினைவில் இருந்தாள். நான் சொல்லவில்லை.

தகரம் அறுக்கும் மெஷினை அனில் எங்கிருந்தோ கொண்டுவந்தான். நான் ஷீட்டைப் பிடித்துக்கொண்டேன். முதலில் நாலரை அடி உயரம் விட்டு அறுத்தான். நான் வளைவுக்குப் பின்னால் போய் ஓர் இரும்பு டிரம்மின்மேல் ஏறினேன். பவ்யா ஸ்கூல் பையோடு தன் இடத்தில் நின்றாள். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. எனக்கு அவளுடைய ரிப்பன்கூடத் தெரியவில்லை. கையை ஆட்டினேன். மேலும் ஒரு சாண் குறைத்தான். ரிப்பன் தெரிந்தது, முகம் இல்லை. மறுபடி கையை ஆட்டினேன்.

சின்னசாமி ஸ்டூலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை அறுப்பதற்கு முன் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், வேட்டியோடு அந்தப் பீங்கானில் உட்கார்ந்தார். எவ்வளவு தெரியும் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அனில் மெஷினை நிறுத்திவிட்டான். அறு என்றார். அனில் அறுத்தான். தகரம் என் கையோடு வந்தது.

டிரம்மின்மேல் ஏறிப் பார்த்தேன். பவ்யா முகம், பையின் வார், சட்டையின் முதல் பட்டன் எல்லாம் தெரிந்தன. அவளுக்குப் பக்கத்தில், தகரத்துக்கு மேலே, சின்னசாமி மார்புவரை தெரிந்தார். என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டேப் அறுபத்தொன்று காட்டியது.

மனோகர் சாரிடம் சொன்னேன். தானே பஸ்ஸில் வந்து பார்த்த பிறகுதான் நிறுத்தத்தைத் திரும்பத் தர முடியும் என்றார். புதன்கிழமை வந்தார். என் பக்கத்தில் முன் சீட்டில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்துகொண்டார். பஸ்ஸில் அப்போது இருபத்தாறு பிள்ளைகள். அறுபதாவது மீட்டருக்கு நேராகச் சாலையோரக் கல்லில் நான் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தேன். அந்தக் கல் வந்ததும் தெரிகிறதா இல்லையா என்று நான் சத்தமாகச் சொல்ல வேண்டும், அவர் குறித்துக்கொள்வார். அப்படி ஏற்பாடு.

கல் வந்தது. பவ்யா தெரிந்தாள். ரிப்பன், முகம், பை.

சின்னசாமியும் தெரிந்தார்.

நாலரைக்கு முடியவில்லையா, இல்லை அதற்கு அப்புறம் வயிறு கேட்கவில்லையா, எனக்குத் தெரியாது. சட்டை இல்லாமல், ஒரு கையால் தகரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்தால் இன்னும் அதிகமாகத் தெரியும். திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

“யாரது?” என்றார் மனோகர் சார்.

“பாப்பாவோட தாத்தா சார்.”

“இங்க உக்காந்து இன்னா...” என்று ஆரம்பித்தவருக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டே கேட்டார். “தெரியுதா, இல்லையா?”

“தெரியுது சார்.”

நான்கு விளக்கும் போட்டு நிறுத்தினேன். பின்னால் வந்த டிப்பர் வெகு தூரத்திலேயே வேகம் குறைத்து நின்றது. அது ஒழுங்காக நின்றது. ஐடாக்கா இறங்கினாள். இடது பக்கத்து ஜன்னல்களுக்குப் பிள்ளைகள் சாய்ந்தார்கள். ஒருவன் சிரித்தான். பிறகு நாலைந்து பேர். பவ்யா படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் போய்ட்டு வரேன் தாத்தா என்று சொல்கிறவள் அன்று சொல்லவில்லை.

ஐடாக்கா கீழே நின்றபடியே இரண்டு கையாலும் பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினாள். “எல்லாம் அந்தப் பக்கம் திரும்புங்க. டிரைவர் பக்கம். பேர் கூப்புடப் போறேன்” என்றாள். அந்த நிறுத்தத்தில் பெயர் கூப்பிடும் வழக்கமே கிடையாது. பவ்யாவை முன்னால் தள்ளிவிட்டு ஏறி, கையில் பட்டியல்கூட இல்லாமல் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். இல்லாத பெயர்களையும் சொன்னாள். பிள்ளைகள் திரும்பினார்கள். மனோகர் சாரும் வலதுபக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே பார்க்க என் முகத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

நான் திரும்ப முடியாது. கதவைச் சாத்தி, பிள்ளை உட்காரும்வரை ஓட்டுநர் இடதுபக்கக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஐந்தாவது விதி. கண்ணாடியில் படியும், சாலையின் விளிம்பும், வெட்டிய தகரமும் இருந்தன. சின்னசாமி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவரும் அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பேத்தி ஏறிவிட்டாளா என்று. மார்பெலும்பு ஏறி இறங்கியது. எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. அரை நிமிஷம் இருக்கும்.

பவ்யா ஜன்னல் பக்கம் போகாமல், என் சீட்டுக்குப் பின்னால் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஐடாக்கா கதவைச் சாத்தினாள். வண்டியை எடுத்தேன்.

நந்திதுர்க் நிறுத்தம் தாண்டியதும் மனோகர் சார் தாளை நீட்டினார். பன்னிரண்டாவது வரியில் பத்தொன்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் இடம் விட்டிருந்தார். வண்டியை ஓரம் கட்டி, விளக்குகளை எரியவிட்டு, அறுபத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் விளக்குகளை அணைத்துவிட்டு அடுத்த நிறுத்தத்துக்கு ஓட்டினேன்.